என் வீட்டு ஓட்டு

ஆண்டவருடைய வருகை நடந்து முடிந்துவிட்டது, என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் முழுசாக நம்பினேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் பாப்டிஸ்ட் சபையில் பிறந்து வளர்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கும் ஒருமுறையாவது இந்தப் பயம் வந்திருக்கும்.

படாளம் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை. அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரமெல்லாம் கழுவ வைத்து, பஸ் பிடித்து செங்கல்பட்டு வந்து வீட்டுக்குள் கால் வைக்கிறேன், கதவு திறந்து கிடக்கிறது. ஃபேன் ஓடுகிறது. டம்ளரில் பாதி டீ, இன்னும் சூடு ஆறவில்லை. செருப்பு வாசலில், போன் கட்டில்மேல். நடு ஹாலில் அவருடைய லுங்கி வட்டமாகக் கிடக்கிறது, உள்ளே இருந்த ஆளை மட்டும் யாரோ மேலே உருவிக்கொண்டு போன மாதிரி.

"மாமா!" என்று கத்தினேன். அவர் எனக்குச் சொந்தத் தாய்மாமன் மகன், பெயர் தமிழ்வாணன். பதில் இல்லை. பாஸ்டருக்குப் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். டீக்கன் ராமதாஸ் அண்ணனுக்குப் போட்டேன், அடித்து அடித்து ஓய்ந்தது. கூடுவாஞ்சேரியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் மகள் சிநேகாவும் எடுக்கவில்லை. வருகை எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது, நம்பினவர்கள் சட்டென்று மறைந்துபோவார்கள், மற்றவர்கள் இங்கே கிடந்து அந்திக்கிறிஸ்துவின் ஆட்சியில் படாத பாடு படுவார்கள் என்று தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். வேறு என்ன நினைப்பேன்?

ஆனால் பாருங்கள், இவர் நம்பினவர் இல்லையே! குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர், கட்சியில் வட்டச் செயலாளர். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கும் கைக்காசு கொடுப்பார், கிறிஸ்மஸுக்கு எங்கள் சபையில் சீரியல் பல்பும் கட்டுவார், இரண்டையும் நம்ப மாட்டார். அப்பேர்ப்பட்டவரையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்றால், எனக்குத் தெரியாமல் எப்போதோ மனசுக்குள் நம்பியிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்பாடா, இந்த மனுஷன் உள்ளே போய்விட்டான் என்று. அப்புறம்தான் நான் வெளியே நிற்கிறேன் என்பது உறைத்தது. லுங்கியை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"இன்னாடி, யாரு பூட்டாங்க?" என்று வாசலில் அவர் குரல் கேட்டது.

பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமியின் மருமகளுக்குத் திடீரென்று வலி எடுத்திருக்கிறது. இவர் லுங்கியை உருவிப் போட்டு, பேண்ட்டை மாட்டி, செருப்புகூடப் போடாமல் ஓடி, வண்டிக்குப் பின்னால் மெத்தையை விரித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிறார். பாஸ்டரும் ராமதாஸ் அண்ணனும் உபவாச ஜெபத்தில் இருந்திருக்கிறார்கள். சிநேகா மீட்டிங்கில் இருந்திருக்கிறாள். உலகம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் நினைத்ததைச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க ஆண்டவரு லுங்கிய வுட்டுட்டுதான் ஆள இட்டுகினு போவாரா? மேல போய் நான் எப்படி நிப்பேன், மானம் போவாது?"

"வாய மூடு மாமா. நீ உள்ள பூட்டேன்னு நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "அப்ப தெனமும் இன்னா நெனச்சிகினு கீற? நீங்கள்லாம் பூடுவீங்க, நான் மட்டும் இங்க கெடப்பேன்னா?"

"பின்ன?" என்றேன். வேறு என்ன சொல்ல? கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை நினைத்துக்கொண்டுதான் அவர் பக்கத்தில் படுக்கிறேன்.

அந்தக் கல்யாணமே பெரிய வம்பு. எங்கள் சொந்தத்தில் பாதி பேர் அம்மன், பாதி பேர் ஆண்டவர். நம்பாதவனைக் கட்டக்கூடாது என்று சபை கல்யாணம் செய்துவைக்க மறுத்துவிட்டது. அவர் ஐயரும் வேண்டாம் என்றார். கடைசியில் கட்சியின் மாவட்டச் செயலாளர் தலைமையில் மாலை மாற்றிக்கொண்டோம். வாழ்த்துகிறேன் என்று மைக்கைப் பிடித்தவர்கள் விடவே இல்லை, பசியில் எனக்குக் கண் இருட்டிவிட்டது. சபை எனக்கு அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்தை நிறுத்திவைத்தது. ஒரு வருஷம் கழித்து உறுப்பினர் கூட்டத்தில் கை தூக்கி ஓட்டெடுத்துத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் சபையில் எல்லாமே அப்படித்தான். எங்களுக்குப் பிஷப் கிடையாது, மேலிடம் கிடையாது. பாஸ்டரை வைப்பதா அனுப்புவதா என்பதிலிருந்து சுவருக்கு என்ன பெயிண்ட் என்பதுவரை உறுப்பினர்கள் கை தூக்கித்தான் முடிவாகும்.

இது என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிக்கும். "உங்க சபையிலதான்டி ஜனநாயகம் கீது. எங்க கட்சியில பேரு மேலேர்ந்து வரும், நாங்க கை தட்டுவோம்" என்பார். சிநேகா பிறந்தபோது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, ஜெபம் மட்டும்தான், வளர்ந்து அவளே கேட்டால்தான் முழுக்கு என்று பாஸ்டர் ஏசுதாஸ் சொன்னார். இவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஓட்டு போட வயசு வெச்சிகீற மாதிரி. கரெக்டு பாஸ்டர்!"

அதே பாஸ்டர்தான் போன தேர்தலில், இவர் வேட்பாளரைச் சால்வையோடு ஆராதனைக்கு அழைத்து வந்தபோது கேட்டுக்கு வெளியே நிறுத்தி டீ கொடுத்து அனுப்பினார். "இந்த மேடையில கட்சி ஏறாது தம்பி. யாருக்கு ஓட்டுப் போடணும்னு நான் சொன்னா, அவங்க மனசாட்சி மேல நான் ஏறி உக்காந்த மாதிரி ஆயிடும்" என்றார். இவர் அன்றைக்கு வீட்டில் வந்து குதியோ குதி என்று குதித்தார். மறுநாள் காலையில், "ஆளு ஸ்ட்ராங்குடி" என்றார். சபைக்கு நாற்காலி, மைக்செட், ஆட்கள் எல்லாம் இவர் வண்டியில்தான் போகும். டீசலுக்குக்கூட வாங்க மாட்டார். எல்லாம் செய்வார், அந்த ஒன்றைத் தவிர. சிநேகா காலேஜ் படிக்கும்போது தானாகக் கேட்டு முழுக்கு எடுத்தாள். வீட்டில் மிச்சம் இவர் ஒருவர்தான்.

அந்த லுங்கிக் கூத்துக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் இவர் நேராகப் பாஸ்டரிடம் போய், "நானும் ஞானஸ்நானம் எட்த்துக்கறேன்" என்றார். நான் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது. எங்கள் வார்டு, தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கின தனி வார்டு. இந்தத் தடவை சீட்டு தமிழ்வாணனுக்குத்தான் என்று கட்சியில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே பசை வாளி தூக்கிப் போஸ்டர் ஒட்டின மனுஷன். எங்கள் ஆட்கள் ஞானஸ்நானம் எடுத்துவிட்டால் அப்புறம் தனி வார்டில் நிற்க முடியாது, சட்டம் அப்படி. நானும் முழுக்கு எடுத்தபோது இருந்த சலுகையையெல்லாம் விட்டவள்தான். எனக்கு அது வலிக்கவில்லை. என் நம்பிக்கைக்கு நானே கொடுத்த விலை அது.

"சீட்டு பூடுமே மாமா" என்றேன்.

"போனா போவுது. வேற எவனாச்சும் நிக்கட்டும்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வெள்ளை வேட்டி வாங்கினேன், புதுத் துண்டு வாங்கினேன். சிநேகா கேக்குக்குச் சொல்லி வைத்தாள். அந்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். வந்தால் வரட்டும் ஆண்டவர், மூன்று பேரும் ரெடி என்று.

எங்கள் வழக்கப்படி, முழுக்குக் கேட்கிறவர் உறுப்பினர்கள் முன்னால் நின்று, தான் நம்பிக்கைக்கு வந்த கதையை, அதாவது தன் சாட்சியைச் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கை தூக்கச் சொல்வார்கள். எதிராக ஒரே ஒரு கை எழுந்தாலும் தள்ளிவைத்துவிடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்து எதிராக யாரும் தூக்கியது கிடையாது.

அன்றைக்கு ராமதாஸ் அண்ணன்தான் முதலில் எழுந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் லேசில் நம்ப மாட்டார். "தேர்தல் வருது தமிழ்வாணா. இந்த முழுக்கு ஆண்டவருக்கா, இங்க கீற ஓட்டுக்கா?"

"அண்ணாத்த, அது தனி வார்டு. முழுகிட்டா நான் நிக்கவே முடியாது. வேணும்னா வக்கீலாண்ட கேட்டுக்கோ."

ராமதாஸ் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. பாஸ்டர் கேட்டார், "இயேசு உங்களுக்கு யாரு? உங்க வார்த்தையில சொல்லுங்க தம்பி."

மேடையில் பேசிப் பழகினவர், தடுமாறவில்லை. கையைக் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "ஆண்டவரே, ஒண்ணுமில்லாத என்னைத் தேடி வந்தீரே. அடுப்பு வெக்கையில நின்னு நான் பேசினதையும் காது குடுத்துக் கேட்டீரே. ஊரு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடற இந்தக் கையை ஆசீர்வதிச்சீரே. நீர் வர்ற அன்னிக்கு என் வூட்டுல ஒருத்தரும் வுட்டுப்போவக் கூடாது ஆண்டவரே, ஒருத்தரும் வுட்டுப்போவக் கூடாது."

முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் அழுதேன். பிறகு எனக்குச் சுருக்கென்றது. அடுப்பு வெக்கையா? இவர் எந்த அடுப்புக்கு முன்னால் நின்றார்? ஊர்ப் பிள்ளைகளுக்கு இவர் எங்கே ஆக்கிப் போட்டார்?

அது என் ஜெபம். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், சமையல்கட்டில் குக்கர் வைத்துவிட்டு நான் வாய்விட்டுச் செய்கிற ஜெபம். அவர் தூங்குகிறார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். போர்வைக்குள் கிடந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறானே இந்த மனுஷன், வாயைத் திறந்து ஒருநாள் சொன்னதில்லையே! ஆனால் அவர் சொன்னதில் அவர் எங்கேயும் இல்லை. எல்லாம் என் வார்த்தை, என் பயம், என் ஆண்டவர். நான் அழக்கூடாது என்பதற்காக, வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட சீட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, என் நம்பிக்கையை இரவல் வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் பார்க்கிறார்.

எங்கள் சபையில் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். மோட்சத்துக்கு வீடு வீடாகப் போக முடியாது, ஆளாளுக்குத்தான். அம்மா நம்பினதால் பிள்ளை போக முடியாது, பெண்டாட்டி நம்பினதால் புருஷன் போக முடியாது. தண்ணீர் யாரையும் காப்பாற்றாது. நம்பாமல் முழுகினால் அது வெறும் குளியல்தான்.

அவரை வெளியே அனுப்பினார்கள். "சேத்துக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார் பாஸ்டர். ராமதாஸ் அண்ணன் கைதான் முதலில் போனது. என் கை மடியிலேயே கிடந்தது. "அம்மா, கை" என்று சிநேகா இடித்தாள். "வேணாம்னு சொல்றவங்க?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டுப் பாஸ்டர் திரும்பப் போனார்.

சும்மா இருந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு கடலில் முழுகியிருப்பார், நானும் சாகும்வரை நிம்மதியாக இருந்திருப்பேன். நான் கை தூக்கினேன்.

கூட்டம் கசமுசா என்றது. ராமதாஸ் அண்ணன் எழுந்தார். "இன்னா ஜெபா, சீட்டு பூடும்னு பயமா? கவுன்சிலர் பொண்டாட்டி ஆவணுமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யண்ணா, வாய அளந்து பேசு. அந்த ஆளுக்காக நான் முட்டி போட்டு முட்டி தேஞ்சி போயி கீறேன். உனக்கு இன்னா தெரியும்?"

பாஸ்டர் கையமர்த்தினார். "காரணம் சொல்லும்மா."

"அவரு சொன்னது என் சாட்சி பாஸ்டர். அவரோடது இன்னும் வரல." பாஸ்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "தள்ளிவைக்கிறோம்" என்றார்.

என் வீட்டுக்காரர் வெளியே வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிநேகா போய்ச் சொன்னாள். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "கட்சியில ஒருத்தனும் போடலன்னாலும் என் வூட்டு ஓட்டு எனக்கு வுழும்னு நெனச்சிகினு இருந்தேன் ஜெபா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சில்லை. சோறு வேண்டும் என்றால் தட்டை நகர்த்துவார். நான் படுத்தால் தூக்கம் வரவில்லை. தண்ணீர் காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும், ஆனால் பயத்துக்கு அது தெரியவில்லையே! இன்றைக்கே வருகை வந்து இவர் நின்றுவிட்டால், நிறுத்தியது என் கைதானே என்று அடித்துக்கொண்டது. விடிந்ததும் சமையல்கட்டில் ஜெபம் பண்ணவும் கூச்சமாக இருந்தது. வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மற்றவர்களுக்கு முழுக்கு. மாமல்லபுரத்தைத் தாண்டி, டூரிஸ்ட் கூட்டம் வராத கரை ஒன்று கொக்கிலமேடு பக்கம் இருக்கிறது, எப்போதும் அங்கேதான். இவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். காலையில் பார்த்தால் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். கடற்கரையிலும் வழக்கம்போல துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். முழுகி நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகப் போர்த்திவிட்டார். அவருக்கென்று நான் வாங்கின துண்டையும் யாரோ ஒரு அக்காவுக்குப் போர்த்திவிட்டார்.

எல்லோரும் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவர் மட்டும் தண்ணீர் ஓரமாக நடந்து போனார். நான் பின்னாலேயே போனேன்.

"இன்னும் கோவமா மாமா?"

"கோவம்லாம் இல்ல. பேஜாரா கீது. ராமதாஸே கை தூக்கிகிறான், நீ தூக்கல."

"அது என் ஜெபம்."

"தெரியும். எனக்கு வேற எதுவும் தெரியாது. நான் காதால கேட்டது அது ஒண்ணுதான்."

"நீ நம்புறியா? எனக்காக சொல்லாத. நெஜத்த சொல்லு."

அலை வந்து அவர் பேண்ட் நுனியை நனைத்துவிட்டுப் போனது. "கீறாரா இல்லையான்னே தெரியலடி. அன்னிக்கு லுங்கிய வெச்சிகினு நீ அழுதியே, அதான் தெரியும். அத்த என்னால பாக்க முடியல."

"அப்ப அத்த சொல்லு."

"யாராண்ட?"

"அவராண்டதான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், இவளுக்குக் கிறுக்கா என்கிற பார்வை. பிறகு கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறவர் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கடலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, வணக்கம். நான் தமிழ்வாணன், செங்கல்பட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

"நீங்க கீறீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். நீங்க வர்ற அன்னிக்கு இவள இட்டுகினு போயிடுங்க. ஆனா இவ திரும்பித் திரும்பிப் பாப்பா. அங்க வந்தும் அழுவா. ஒழுங்கா சாப்பிட மாட்டா. கொஞ்சம் பாத்துக்குங்க. எனக்குன்னு ஒண்ணும் கேக்கல." இங்கே நின்றுவிட்டார். "இல்ல, கேக்கறேன். எனக்கும் எடம் இருந்தா கூப்பிடுங்க. இவ இல்லாம இருக்க எனக்குத் தெரியாது. அவ்ளோதான்."

கையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"இது செல்லுமாடி?"

எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு நான் கை தூக்க முடியாது. சபை கூடி ஓட்டெடுத்தாலும் முடியாது. அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கிற விஷயம், அதில் எனக்கு இடமில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்ததும் பயம் போகவில்லை, ஆனால் அழுகை நின்றுவிட்டது.

ஜெபத்தை எப்படி முடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, பாதியில் விட்ட மாதிரி அப்படியே நின்றார். அலை இரைச்சலை மீறிக் கேட்கட்டும் என்று நான் சத்தமாகச் சொன்னேன், "ஆமென்."